பாதி வரியில் நின்ற மன்னிப்பு

குருமடத்தில் எல்லோரும் அவரை ஒத்திகை என்றுதான் கூப்பிட்டார்கள். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் சான்றிதழ்களில் பத்திரமாக இருந்தது. எதையும் நாலு தடவை செய்து பார்க்காமல் ஐந்தாவது தடவை செய்யமாட்டார் என்பதால் வந்த பட்டப்பெயர் இது. வாசகம் வாசிக்கும் முறை வந்தால், முந்தின நாளே காலிக் கோவிலில் ஏறி நின்று பெஞ்சுகளுக்கு வாசித்துக் காட்டிவிடுவார். தூபக்கலசத்தை ஆட்டிப் பழகுகிறேன் என்று வெறும் கலசத்தை வைத்துக்கொண்டு வராந்தாவில் ஒரு மாதம் நடந்தார். தோட்டக்காரர் இவரைத் தூரத்தில் கண்டாலே ஒதுங்கி வழிவிட்டதற்கு மரியாதை மட்டும் காரணமில்லை.

ஒன்பது வருடப் படிப்பு முடிந்துவிட்டது. திருத்தொண்டர் பட்டம் வாங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. பேச்சில் அதை டீக்கன் என்பார்கள். குருவாவதற்கு, அதாவது ஃபாதர் ஆவதற்கு, முந்தின படி அது. அங்கி உண்டு, கழுத்துப்பட்டை உண்டு, பீடத்தின் அருகில் நிற்க இடமும் உண்டு. ஆனால் திருப்பலி என்னும் பூசையை நிறைவேற்ற முடியாது, ஒருவருடைய பாவசங்கீர்த்தனத்தைக் கேட்டு மன்னிப்பு வழங்க முடியாது. அந்த இரண்டும் குருப்பட்டத்தோடுதான் வரும். அதற்கு இன்னும் பதினோரு நாள் இருந்தது. நானூறு அழைப்பிதழ் அச்சாகி, அவருடைய அம்மா வீடு வீடாக ஏறிக் கொடுத்தும் முடித்துவிட்டார்.

காலை ஐந்து மணிக்கு மணி அடிக்கும். ஒத்திகைக்கு மணி அடித்த பிறகு எழுவது தாமதம். ஐந்து நிமிடம் முன்பே இரும்புக் கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். அறையில் ஒரு மேசை, ஒரு அலமாரி, சுவரில் ஒரு சிலுவை, கதவுக்குப் பின்னால் இரண்டு வெள்ளை அங்கி. குளியலறையில் எட்டுக் குழாய் இருந்தும் மூன்றில்தான் தண்ணீர் வேகமாக வரும். அந்த மூன்றுக்கும் தினமும் நடக்கும் போட்டியைப் பார்த்தால், இவர்கள் எல்லாம் உலகத்தைத் துறக்கப் போகிறவர்கள் என்று ஒருவரும் நம்பமாட்டார்கள்.

ஐந்தரைக்குக் கோவிலில் அரைமணி நேரம் மௌன தியானம். பிறகு செபம், திருப்பலி, காலைச் சாப்பாடு, ஆளுக்கொரு துப்புரவு வேலை. டீக்கன்களுக்குத் துப்புரவு வேலை இல்லை என்று விதி இருந்தது. ஆனாலும் ஒத்திகை கீழ்மாடிக் கழிவறைகளை விடவில்லை. தனக்குப் பிறகு வந்த பையன் மூலைகளைச் சரியாகத் தேய்ப்பதில்லை என்று மட்டும் காரணம் சொன்னார். இரவு படுப்பதற்கு முன் அன்றைய நாளை நினைத்துப் பார்த்து எல்லோரும் ஒரு குறிப்பேட்டில் எழுத வேண்டும். மற்றவர்கள் 'ஆழ்ந்த அமைதி கிடைத்தது' என்றெல்லாம் எழுதும் இடத்தில் இவர், 'காலைத் தியானம்: பதினைந்து நிமிடம் தூங்கிவிட்டேன்' என்று எழுதுவார். யாரும் எடுத்துப் படிக்காத குறிப்பேடு அது. அதிலும் அந்தப் பதினைந்தைப் பத்து ஆக்கி எழுத அவருக்கு மனசு வராது. இந்த மனிதரை எனக்குப் பிடித்துப் போனதற்கு இதுதான் முதல் காரணம்.

செவ்வாய்க்கிழமை மதியம் பாவசங்கீர்த்தன வகுப்பு. நடத்துபவர் குருமடத்தின் அதிபர். முழங்கால் வலிக்காரர், முன்கோபி. ஆனால் பாவியாக நடிக்க உட்கார்ந்துவிட்டால் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இரண்டு நாற்காலிக்கு நடுவில் ஒரு வலைத் தட்டி. அந்தப் பக்கம் அதிபர், இந்தப் பக்கம் மாணவர். ஒரு வாரம் பக்கத்து வீட்டுக்காரி காயப்போட்ட துணியில் சேறு வாரி இறைத்தவளாக வருவார். இன்னொரு வாரம், தன் பாவம் ஒன்றைக்கூடச் சொல்லாமல் மனைவியின் பாவங்களையே அரைமணி நேரம் ஒப்பிக்கும் கணவனாக வருவார். மாணவர் சிரிக்காமல் கேட்க வேண்டும். தேவைப்பட்டால் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். சின்னதாக ஒரு பரிகாரம் சொல்லி, வலது கையை உயர்த்தி, மன்னிப்பு வழங்கும் வரியைப் பிசகாமல் சொல்ல வேண்டும்.

ஒத்திகைக்கு வகுப்பில் செய்தது போதவில்லை. அறையில் காலி நாற்காலிக்குச் சொன்னார். கழிவறை தேய்க்கும்போது சொன்னார். துணி உலர்த்தும் கொடியில் வரிசையாகத் தொங்கிய அங்கிகளுக்கும் கை உயர்த்திச் சொன்னார். கொசுவை அடிப்பதற்கு முன்னால் இவர் அதற்குப் பாவமன்னிப்பு கொடுக்கிறார் என்று பக்கத்து அறைக்காரர் சாப்பாட்டு அறையில் கிளப்பிவிட, சூப் குடித்துக்கொண்டிருந்த நாலு பேருக்குப் புரை ஏறியது. ஒத்திகையும் சேர்ந்து சிரித்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அந்த வரி தடுமாறாமல் வரவேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அப்படியே வந்தும் விட்டது. வினை வந்ததும் அதனால்தான்.

புதன்கிழமைகளில் டீக்கன்கள் மருத்துவமனைக்குப் போவார்கள். ஒத்திகைக்கு ஆண்கள் வார்டு. பதினான்கு கட்டில், வாசலில் ஒரு செவிலியர் மேசை, சுவரெல்லாம் கிருமிநாசினி வாசனை. அங்கே அவர் பெரிதாகப் பிரசங்கம் ஒன்றும் செய்வதில்லை. அங்கிப் பையில் ஒரு நகவெட்டி வைத்திருப்பார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு மருந்து கொடுக்கவும் துடைத்துவிடவும் ஆள் உண்டு. நகத்தை மட்டும் யாரும் கவனிப்பதில்லை என்று முதல் வாரமே கண்டுபிடித்தது இவர்தான். கேட்டவர்களுக்கு நற்கருணை அப்பம் கொடுப்பார், கேட்காதவர்களுக்கு நகம் வெட்டிவிடுவார். யாருக்கு எந்த விரலில் வலி என்பது முதற்கொண்டு அவருக்கு அத்துப்படி.

ஒன்பதாம் கட்டிலில் ஒரு பழைய லாரி டிரைவர் இருந்தார். சிறுநீரகம் இரண்டும் கைவிட்டுவிட்டன. காதும் மந்தம். நாலு வாரமாக அவர் ஒத்திகையிடம் லாரிகளைப் பற்றி மட்டும்தான் பேசியிருக்கிறார். எந்த வண்டி மேட்டில் மூச்சு வாங்கும், எந்த வண்டியின் பிரேக்கை நம்பக்கூடாது என்பதெல்லாம் ஒத்திகைக்கு மனப்பாடம். அந்தப் புதன்கிழமை மூன்று மணி வாக்கில் நகவெட்டியை எடுத்ததும், டிரைவர் அதைத் தள்ளிவிட்டு இவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். சிலுவை அடையாளம் போட்டார். பேச ஆரம்பித்தார்.

என்ன பேச்சு என்பது இரண்டாவது வாக்கியத்திலேயே ஒத்திகைக்குப் புரிந்துவிட்டது. குனிந்து, தான் இன்னும் குரு ஆகவில்லை, ஒரு ஃபாதரைக் கூட்டி வருகிறேன் என்று சொன்னார். மந்தக் காதில் அது ஏறவில்லை. கொஞ்சம் சத்தமாகச் சொல்லலாம் என்றால், அடுத்த கட்டில்காரர் கேட்டுவிடும்படி இதை எப்படிச் சொல்வது? கையை உருவப் பார்த்தார். பிடி இறுகியது. டிரைவர் கண்ணை மூடிக்கொண்டு, முனகலாக, மடை திறந்த மாதிரி சொல்லிக்கொண்டே போனார்.

என்ன சொன்னார் என்பது நமக்கு வேண்டாம். ஒத்திகை அதைக் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும் சொல்லிவிடுவாரா?

சொல்லி முடித்ததும் டிரைவர் கண்ணைத் திறந்து இவர் முகத்தைப் பார்த்தார். அப்போது ஒத்திகையின் வலது கை மேலே போனது. நாற்காலிக்கும் கொடித் துணிக்கும் ஆயிரம் தடவை சொன்ன வரி வாயிலிருந்து கிளம்பியது. ஐந்து வார்த்தை வந்த பிறகு வரியைப் பாதியில் நிறுத்திவிட்டார். உயர்ந்த கை அப்படியே நின்றது. டிரைவருக்குக் காதில் என்ன விழுந்ததோ தெரியாது. ஆனால் கையைப் பார்த்துவிட்டார். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. இன்னொரு சிலுவை போட்டுக்கொண்டு, ரொம்ப நாளைக்குப் பிறகு சாப்பிட்டுப் படுத்த மனிதர் போல நிம்மதியாகத் தூங்கிப்போனார்.

திரும்பும் பேருந்தில் ஒத்திகை சட்டத்தை நினைத்துப் பார்த்தார். டீக்கன் ஒருவர் தெரிந்தே துணிந்து பாவமன்னிப்பு கொடுக்க முயன்றால் அது சபைச் சட்டப்படி குற்றம். குருப்பட்டத்துக்கே தடை. பட்டம் கொடுக்கும் ஆயர்தான், அதாவது பிஷப்தான், முடிவு சொல்வார். தேர்வில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவர் அவர். அதைவிட அவரை அரித்தது வேறொன்று. ஒரு மனிதர் தனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று நம்பிப் படுத்திருக்கிறார். கிடைக்கவில்லை.

இதை மூடி மறைப்பது சுலபம். காதும் காதும் வைத்தாற்போல் ஒரு ஃபாதரிடம், ஒன்பதாம் கட்டில்காரர் பாவசங்கீர்த்தனம் செய்ய விரும்புகிறார் என்று மட்டும் சொல்லி அனுப்பினால் டிரைவரின் காரியம் முடிந்துவிடும். இவர் கதை வெளியே வரவே வராது. பேருந்து நாலு நிறுத்தம் தாண்டும் வரை ஒத்திகை அந்த வழியை யோசித்துப் பார்க்கத்தான் செய்தார். இவரும் மனிதர்தானே. ஐந்தாவது நிறுத்தத்தில் இறங்கி நேராக அதிபர் அறைக் கதவைத் தட்டினார்.

அதிபர் முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். ஒத்திகை கதவைச் சாத்திவிட்டு, ஒரு பாவம் சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்ததும், இன்றைக்கு வகுப்பு இல்லையே, இந்த ஆள் அறைக்கே வந்து ஒத்திகை பார்க்கிறாரே என்று அதிபருக்கு எரிச்சல் வந்தது. சாப்பாட்டுக்குப் பிறகு வரச் சொன்னார். ஒத்திகை நகரவில்லை. முகத்தைப் பார்த்த பிறகுதான் அதிபர் தைலப் பாட்டிலை மூடினார்.

டிரைவர் சொன்னதில் ஒரு எழுத்தையும் சொல்லாமல், தான் செய்ததை மட்டும் ஒத்திகை சொன்னார். அதிபர் நாற்காலியைக் காட்டினார். பிறகு கேட்டார்.

"முழுசா சொன்னீங்களா, பிரதர்?"

"பாதிதான் ஃபாதர்."

"தெரிஞ்சு சொன்னீங்களா, தெரியாம வாய் தவறி வந்துதா? யோசிச்சுச் சொல்லுங்க. ஆயர் என்கிட்ட இதத்தான் கேப்பார்."

தெரியாமல் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது முக்கால்வாசி உண்மையும்கூட. பதினோராம் நாள் பட்டம், நானூறு வீட்டுக்காரர்கள் வருவார்கள், அம்மா முன்வரிசையில் உட்காருவார். அதிபரே அந்த வார்த்தையைத்தான் எதிர்பார்த்து, கேள்வியின் பின்பாதியைக் கொஞ்சம் அழுத்திக் கேட்டிருந்தார்.

"முதல் ரெண்டு வார்த்தை தானா வந்துது, ஃபாதர். மூணாவது சொல்லும்போதே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. தெரிஞ்சும் இன்னும் ரெண்டு சொன்னேன். அவர் மொகத்தப் பாத்துட்டு நிறுத்த முடியல."

அதிபருக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று அவருக்கே தெரியவில்லை. அந்த இரண்டு வார்த்தையைக் கடிகாரத்தில் பார்த்தால் ஒரு நொடி இருக்காது. அதைப் போய் ஒரு மனிதர் இப்படி எண்ணிக்கொண்டு வந்து நிற்கிறாரே என்று முணுமுணுத்தார். அன்றே ஆயரிடம் பேசுவதாகவும், மறுநாள் காலை மருத்துவமனைக்குத் தானே வருவதாகவும் சொன்னார். ஆனால் அந்த நோயாளியிடம் விஷயத்தைச் சொல்ல வேண்டியது ஒத்திகைதான் என்றும் சொல்லிவிட்டார். நம்ப வைத்தவர் இவர், அதனால் இவர்தான் சொல்ல வேண்டும்.

அன்று சாயந்தரம் ஒத்திகை அம்மாவுக்குப் போன் போட்டார். அம்மா தையல்காரி. மகன் டீக்கன் ஆன நாளிலிருந்து அவரை மரியாதையாகக் கூப்பிட வேண்டும் என்று அவருக்கு ஒரு வைராக்கியம், பழக்கம்தான் விடவில்லை. "சாப்பிட்டீங்களாடா?" என்று ஆரம்பித்தார். தான் செய்யக்கூடாத ஒன்றைச் செய்துவிட்டதாகவும், என்ன என்று சொல்ல முடியாது என்றும், தேதி தள்ளிப்போகலாம், பட்டமே கிடைக்காமலும் போகலாம் என்றும் மகன் சொன்னார். தையல் இயந்திரத்தின் சத்தம் நின்றது.

"அதனால யாருக்காச்சும் கெடுதலா?"

"ஒருத்தருக்கும்மா."

"அப்ப முதல்ல அவரப் போய்ப் பாருங்க. கார்டு குடுத்த வீட்டுக்கெல்லாம் நான் பதில் சொல்லிக்கறேன்."

சொல்லிவிட்டாரே தவிர, போனை வைத்த பிறகு அன்று ராத்திரி வரை அவருக்கு ஒரு தையலும் நேராக வரவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அதிபர் வராந்தா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்துகொள்ள, ஒத்திகை ஒன்பதாம் கட்டிலுக்குப் போனார். செவிலியரிடம் கேட்டுக் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்துவிட்டார். டிரைவரின் காதருகே வாயை வைத்து, நேற்று தான் கை உயர்த்தியது செல்லாது, தனக்கு அந்த அதிகாரம் இன்னும் கிடைக்கவில்லை, அதிகாரம் உள்ள ஃபாதர் வெளியே காத்திருக்கிறார் என்று சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, தன்பக்க நியாயம் என்று ஒன்றும் சேர்க்கவில்லை.

டிரைவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"முப்பது வருசம் கழிச்சு ஒரு தடவை வாயத் தொறந்தேன். திரும்பவும் சொல்லணுமா? போயிடு."

சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.  ஒத்திகை போகவில்லை. ஆறுதல் சொல்லவில்லை, கடவுளின் இரக்கத்தைப் பற்றி ஆரம்பிக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பத்து மணிக்கு அடுத்த கட்டில்காரருக்கு நகம் வெட்டினார். பதினொரு மணிக்கு டிரைவரின் காலில் போர்வை விலகியதைச் சரி செய்தார். வராந்தாவில் அதிபர் இரண்டு தடவை எழுந்து நடந்து, இரண்டு தடவை உட்கார்ந்தார். பன்னிரண்டு மணி அடிக்கக் கொஞ்சம் முன்னால் சுவரைப் பார்த்தபடியே டிரைவர் கேட்டார். ஒத்திகை குனிந்து அவர் காதருகே பதில் சொன்னார்.

"லைசென்ஸ் இல்லாம வண்டிய எடுத்துட்டே, அவ்வளவுதானே?"

"ஆமாங்க."

"யாரு பாத்தா?"

"யாரும் பாக்கல."

"அப்புறம் எப்படி மாட்டிக்கிட்டே?"

"நானே போய்ச் சொல்லிட்டேன்."

டிரைவர் மெல்லத் திரும்பினார். ஒத்திகையின் முகத்தை வெகுநேரம் பார்த்தார். லைசென்ஸ் என்ன ஆகும் என்று கேட்டார். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம், மேலே இருப்பவர்கள் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்று ஒத்திகை சொன்னார். சின்னப் பையன் ஒருவன் வண்டியோடு போய்த் தானாகவே காவல் நிலையத்தில் நின்றதைக் கேட்டது போல டிரைவருக்கு ஒரு சிரிப்பு வந்து, இருமலில் முடிந்தது.

"நீயே போய்ச் சொல்லியிருக்கே. நான் படுத்துக்கிட்டு வீம்பு புடிக்கறேன். அவரக் கூப்பிடு தம்பி."

அதிபர் நொண்டிக்கொண்டே உள்ளே போனார். ஒத்திகை வராந்தாவின் கடைசிக்குப் போய், ஒன்றும் காதில் விழாத தூரத்தில் நின்றார். இருபது நிமிடம் கழித்து அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி வந்தார்.  ஒத்திகையின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். ஒத்திகை அங்கேயே சுவரில் சாய்ந்து, அங்கிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். மருத்துவமனையில் அழுகிறவர்கள் நிறையப் பேர் என்பதால் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

சனிக்கிழமை ஆயரின் முடிவு வந்தது. பழக்கத்தால் வாய் முந்தியதுதான், துணிந்து செய்ததல்ல, ஆகவே தடை இல்லை. ஆனால் அந்த இரண்டு வார்த்தைக்காக நாற்பது நாள் காத்திருக்க வேண்டும். நடுவில் ஒரு வாரம் மௌன தியானத்தில் இருக்க வேண்டும். ஒத்திகை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். அம்மா நானூறு வீட்டுக்கும் திரும்ப ஏறி இறங்கினார். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம், "நல்லா தயாராகட்டும்னு சொல்லியிருக்காங்க" என்று ஒரே பதிலைச் சொன்னார். சிலர் முகத்துக்கு நேராகவே சந்தேகப்பட்டார்கள். அம்மா அதையும் வாங்கிக்கொண்டார்.

அடுத்த புதன்கிழமை டிரைவர் அதைத்தான் முதலில் கேட்டார்.

"என்னாலதான் தள்ளிப்போச்சா?"

"இல்லங்க. என்னால."

"நாப்பது நாள்தானே. வந்து பாக்கணும்னு ஆசையா இருக்கு. இருக்கப் பாக்கறேன்."

இருக்கத்தான் பார்த்தார். தன் மகளிடம் தேதியைச் சொல்லிக் கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டச் சொன்னார். சாப்பிட மறுத்த நாட்களில் செவிலியர் அந்தத் தேதியைக் காட்டித்தான் இரண்டு வாய் ஊட்டினார். முப்பத்தோராம் நாள் விடியும்போது உயிர் போய்விட்டது.

மகள் குருமடத்துக்கே வந்தாள். அப்பாவின் அடக்கத்தை இவர்தான் நடத்த வேண்டும் என்று கேட்டாள். ஒத்திகை வேறு எதுவும் பேசுவதற்கு முன்னால், "நான் இன்னும் குரு ஆகல. டீக்கன்தான். அது உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியும் பிரதர். அப்பா சொல்லியிருக்காரு. அதனாலதான் உங்களக் கேக்கச் சொன்னாரு."

அடக்கச் சடங்கை டீக்கன் நடத்தலாம். அதற்குச் சட்டத்தில் இடம் உண்டு. மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்தில் இருபது பேர் இருந்தார்கள். பாதிப் பேர் லாரிக்காரர்கள். இந்தச் செபங்களை ஒத்திகை அதுவரை யாருக்கும், எதற்கும் சொல்லிப் பழகியிருக்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் படித்தார். இரண்டு இடத்தில் தடுமாறினார். ஒரு பக்கத்தைத் தவறாகப் புரட்டித் திரும்பி வந்தார். கடைசி வார்த்தை வரை சொல்லி முடித்தார். எல்லாமே அவர் சொல்லலாம் என்று இருந்த வார்த்தைகள்தான். மண்ணைப் போட்டுவிட்டு, மகள் அழுது ஓயும் வரை கூட நின்றார். பட்டத்துக்கு இன்னும் எட்டு நாள் இருந்தது.